தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு: தமிழ்99 விசைப்பலகையும் சேலம் வட்டார ஆசிரியரும்

நெசவாலையும் நாடாவும்

சேலத்திலிருந்து திருச்செங்கோடு செல்லும் சாலையில் அமைந்த ஆட்டையாம்பட்டி, கைமுறுக்குக்கும் தறிக்கும் பெயர்பெற்ற பேரூர். 1997 சனவரி 1இல் சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது ஆட்டையாம்பட்டி சேலத்திலேயே நின்றது. அதனை அடுத்த மல்லசமுத்திரமும் வெண்ணந்தூரும் நாமக்கல்லுக்குச் சென்றன. எல்லைக்கோடு இடையில் விழுந்தாலும் தறியோசை இருபுறமும் ஒன்றே. இவ்வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுள் பலர் தறி ஓடும் வீடுகளிலிருந்து வருபவர்கள். ஆசிரியருக்கும் புதிய பயனருக்கும் தொழில்நுட்பம் பொருந்தி வந்த வரலாற்றை இங்கிருந்து தொடங்குவதற்கு அதுவே காரணம்.

இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், சென்னை மாகாணத் தொழில்துறை முயற்சிகளை முன்னின்று நடத்திய ஆல்பிரெட் சாட்டர்டன் சேலத்தில் ஒரு கைத்தறி நெசவாலையை நிறுவினார். அலுமினியப் பாத்திரத் தொழிலையும் குரோமியத் தோல் பதனிடுதலையும் மாகாணத்தில் வேரூன்றச் செய்தவர் அவர். நெசவாளரை ஒரே கூரையின்கீழ்க் கூட்டி, பறக்கும் நாடாவைப் பழக்கி, உற்பத்தியைப் பெருக்குவது அவரது நோக்கம். கையால் எறியும் நாடாவினும் கயிற்றை இழுத்தால் ஓடும் நாடா விரைவானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆலையில் நெசவாளர் நிலைத்து இருக்கவில்லை. வீட்டில் மனைவியும் மக்களும் நூல் சுற்ற, பாவு தோய்க்க, தம் விருப்பப்படி நெய்து பழகியவர்களுக்கு ஆலையின் மணிக்கணக்கு ஒவ்வவில்லை. தனியார் ஆலை முதலாளிகளின் எதிர்ப்பும், அரசு தொழில் நடத்தலாகாது என்ற இலண்டன் அரசின் நிலைப்பாடும் சேர்ந்து, 1910 அளவில் அம்முயற்சி முடிவுக்கு வந்தது. பறக்கும் நாடாவோ, ஆலை மூடிய பின்னரும் மாகாணத்தின் பல பகுதிகளில் நெசவாளர் வீட்டுக் குழித்தறிகளில் தானே ஏறிக்கொண்டது. மறுக்கப்பட்டது கருவியன்று, கருவியோடு சேர்த்துத் திணிக்கப்பட்ட ஒழுங்கே மறுக்கப்பட்டது.

ஆசிரியர் பயிற்சியில் தொடக்கத்திலேயே சொல்லித்தரப்படும் கற்பித்தல் நெறிகளுள் ஒன்று, ‘தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல்’ என்பது. மாணவர்க்காக வகுக்கப்பட்ட இந்நெறி, ஆசிரியரே புதிய பயனராக நின்ற வேளையில் அவர்க்காகப் பின்பற்றப்பட்டதா? தமிழ் எழுத்தைப் பொறியில் ஏற்றிய நூற்றாண்டு வரலாற்றில் ஒரே ஒரு கருவி இந்நெறியை முழுமையாகப் பின்பற்றியது. அக்கருவியே ஆசிரியரை மிகக் குறைவாகச் சென்றடைந்தது. இம்முரணுக்கான காரணத்தைத் தேடுவது இக்கட்டுரையின் பொருள்.

வடிவத்தின் வரிசை

தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவர் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த இரா. முத்தையா. 247 எழுத்துகளை ஏறத்தாழ அரைநூறு விசைகளுக்குள் அடக்குவது அவர்முன் நின்ற சிக்கல். புள்ளியையும் இகர, ஈகாரக் கொக்கிகளையும் தட்டும்போது உருளை நகராதிருக்கும் ‘நகரா விசை’ என்னும் உத்தியால் அதனை அவர் தீர்த்தார். முதலில் புள்ளி விழும். உருளை அங்கேயே நிற்கும். பின்னர் அதன்கீழ் மெய்யின் வடிவம் விழும். இயந்திரத்தின் எல்லைக்குள் இதனைவிடச் சிறந்த தீர்வு இருந்திருக்க இயலாது.

ஆயினும் அப்பொறி எழுத்தை ஒலியாகக் கருதவில்லை. தாளில் இடமிருந்து வலமாக விழும் கோடுகளாகக் கருதியது. ‘கொ’ என்னும் எழுத்துக்கு முதலில் ஒற்றைக்கொம்பு, அடுத்துக் ககரம், அதன்பின் துணைக்கால் எனத் தட்ட வேண்டும். வகுப்பறையில் அதே எழுத்தைக் ‘க் + ஒ = கொ’ என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக்காட்டுகிறார். உகர, ஊகார வரிசைக்குப் பொதுக்குறி இல்லாமையால் கு, டு, மு முதலானவற்றுக்குத் தனித்தனி இடங்கள் தேவைப்பட்டன. அவற்றை நினைவில் வைக்கத் தனிப் பயிற்சி வேண்டியிருந்தது. அதற்குத் தட்டச்சுப் பயிலகம் வேண்டியிருந்தது. ஆகவே சேலம், இராசிபுரம், திருச்செங்கோடு போன்ற ஊர்களில் மட்டுமன்றிச் சிற்றூர்ச் சந்தைத் தெருக்களிலும் பயிலகங்கள் தோன்றின. பள்ளியிறுதி முடித்தோர் காலையும் மாலையும் ஒரு மணிநேரம் அங்குச் சென்று விரல் பழகினர். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் இளநிலை, முதுநிலைத் தேர்வுகளில் பெறும் சான்றிதழ் அரசு அலுவலகத்துத் தட்டச்சர் பணிக்கு வாயிலாயிற்று. ஆசிரியப் பணிக்கு அச்சான்றிதழ் தேவையில்லை. எனவே எழுத்தைக் கற்பிப்பவர் ஒருவராகவும் எழுத்தைத் தட்டுபவர் வேறொருவராகவும் பிரிந்தனர். இப்பிரிவு பிற்காலத்தில் கணினிக்குள்ளும் தொடர்ந்தது.

ஆசிரியர் சமூகம் மாற்றத்தை ஏற்காதது என்னும் எளிய விளக்கம் இவ்விடத்தில் பொருந்தாது. பெரியார் 1935 முதல் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியை, 1978 அக்டோபர் 19ஆம் நாளிட்ட ஆணையால் தமிழ்நாடு அரசு ஏற்றது. ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலான 13 எழுத்துகளின் பழைய வடிவங்கள் கைவிடப்பட்டன. வாழ்நாளெல்லாம் துதிக்கையுடன் ஐகாரம் எழுதிப் பழகிய ஆசிரியர்கள் புதிய வடிவத்திற்கு மாறினர். கரும்பலகையில் முன்னும் பின்னுமாகச் சில ஆண்டுகள் இரு வடிவங்களும் கலந்தே இருந்தன. பிறகு பழையது மறைந்தது. பெரிய பயிற்சி முகாம்களால் அன்று, பாடநூல் மாறியதால் நிகழ்ந்த மாற்றம் அது. ஆசிரியரின் அன்றாடக் கருவி எதுவோ அதன் வழியாக வந்த மாற்றத்தை அவர் ஏற்றார் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று இல்லை.

வினாத்தாள் யாருடையது?

தொழில்நுட்பம் ஆசிரியருக்கு மெய்யாகத் தேவைப்பட்ட இடம் எதுவென்று வினவினால், பாடம் நடத்துவதைக் காட்டிலும் வினாத்தாள் ஆக்குவதையே முதலில் சொல்ல வேண்டும். எண்பதுகள் வரை மெழுகுத்தாளில் எழுத்தாணி போன்ற எழுதுகோலால் கீறி, சுழல்படிப் பொறியில் மைதடவி உருட்டிய தாள்களே வகுப்புத் தேர்வுகளுக்கு வழங்கப்பட்டன. கையெழுத்து ஆசிரியருடையது, பிழையும் அவருடையது. தொண்ணூறுகளில் கணினி அச்சு வந்ததும் அந்நிலை மாறியது. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணுக்காகப் பெயர்பெற்ற தனியார் உண்டுறைப் பள்ளிகள் பெருகிய காலமும் அதுவே. அன்றாடத் தேர்வு, வாரத் தேர்வு, திருப்புதல் தேர்வு என அவை வளர்த்த தேர்வுப் பண்பாடு அரசுப் பள்ளிகளையும் தொற்றியது. அச்சிட்ட வினாத்தாள் மதிப்பின் அடையாளமாயிற்று. ஊர்தோறும் டி.டி.பி. நிலையங்கள் தோன்றின.

அந்நிலையங்களில் பணியாற்றியோர் பெரும்பாலும் தட்டச்சுப் பயிலகங்களிலிருந்து வந்தவர்கள். பழைய தட்டச்சு அமைப்பையே கணினி விசைகளிலும் வேண்டினர். மென்பொருள் செய்தோரும் அதனையே வழங்கினர். பாமினி, வானவில், ஸ்ரீலிபி எனப் பல எழுத்துருக்கள் புழங்கின. ஒவ்வொன்றின் உட்குறியீடும் வேறு. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்தமையால், ஒரு கணினியில் தமிழாகத் தெரிந்த கோப்பு அவ்வெழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகச் சிதறியது. முனைவர்பட்ட ஆய்வேட்டைப் பாமினியில் தட்டச்சிட்டு வாங்கி, பின்னர் ஆய்விதழுக்கு அனுப்ப ஒருங்குறிக்கு மாற்றி, மாற்றத்தில் காணாமற்போன ஒகர ஓகாரங்களைத் தேடித் திருத்திய பட்டறிவு இன்றைய தமிழ்த்துறைப் பேராசிரியர் பலர்க்கும் உண்டு.

பள்ளி ஆசிரியருக்கு இழப்பு இதனினும் பெரிது. கையால் எழுதிய வினாக்களை நிலையத்தில் கொடுத்து, மெய்ப்புப் பார்த்து, மறுநாள் திருத்தம் சரிபார்த்து வாங்க வேண்டும். தட்டுபவருக்கு இலக்கணம் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. ‘வலி’யும் ‘வழி’யும் இடம்மாறிய வினாத்தாள் மாணவர் கைக்குச் சேரும். இறுதி நேரத்தில் ஒரு வினாவை மாற்ற விரும்பினாலும் முடியாது. அடுத்த ஆண்டு அதே வினாத்தாளைச் சிறிது திருத்திப் பயன்படுத்தலாம் என்றால் கோப்பு நிலையத்தாரின் கணினியில் இருக்கும். கையில் அச்சுத்தாள் மட்டுமே மிஞ்சும். கணினி வந்தமையால் ஆசிரியர் தம் எழுத்தின்மீது கொண்டிருந்த ஆளுகை கூடவில்லை, குறைந்தது என்பதே இக்காலக்கட்டத்தின் உண்மை. சுழல்படிப் பொறியின் மங்கலான தாள்மீது பழைய ஆசிரியர் சிலர்க்கு இன்றும் இருக்கும் பற்றினை வெறும் பழமை விருப்பம் எனத் தள்ளிவிட இயலாது.

கணியனும் தமிழ்99உம்

வடிவ வரிசையை விடுத்து ஒலி வரிசையைப் பற்றிய முயற்சிகள் தமிழகத்திற்கு வெளியிலேயே வலுப்பெற்றன. கனடாவில் கு. சீனிவாசன் உருவாக்கிய ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய முரசு ஆகியன தனிக்கணினியில் தமிழைத் தந்த தொடக்க முயற்சிகள். இவ்வரிசையில், ஆசிரியர் என்னும் நோக்கில் தனித்துக் குறிப்பிடத்தக்கவர் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. தேசியக் கல்விக் கழகத்தில் தமிழாசிரியர்களைப் பயிற்றுவித்தவர் அவர். அவர் ஆக்கிய கணியன் விசைப்பலகை ஒலியை அடிப்படையாகக் கொண்டது. 1995இல் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பொன்று நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றப்பட்டபோது தமிழ்ப் பகுதி அவரது உழைப்பால் இடம்பெற்றது. 1997இல் சிங்கப்பூரில் கூடிய முதல் தமிழிணைய மாநாட்டின் பின்னும் அவரது முனைப்பு இருந்தது. வகுப்பறையில் எழுத்தறிவித்தவர் விசைப்பலகையை வகுக்க அமர்ந்தபோது விசைகளின் எண்ணிக்கையைவிட மாணவரின் எழுத்தறிவே முதலில் நினைவுக்கு வந்திருக்கும் என்று கருதுவதில் தவறில்லை.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டில் விசைப்பலகையும் எழுத்துருக் குறியீடும் தரப்படுத்தப்பட்டன. அம்முயற்சிக்குத் தலைமையேற்றவர் அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன். அங்கு முடிவான தமிழ்99 விசைப்பலகையை அவ்வாண்டே தமிழ்நாடு அரசு ஏற்றது. கோவிந்தசாமி அதே ஆண்டு மே மாதம் மறைந்தார்.

தமிழ்99இன் அமைப்பைச் சற்று விரித்துரைப்பது தேவை. ஏனெனில் அதன் சிறப்பு விளம்பரச் சொற்களில் இல்லை, விசைகளின் இடத்தில் இருக்கிறது. உயிர் 12, மெய்வரிசைக்கு 18, புள்ளிக்கும் ஆய்தத்திற்கும் பொதுவாக ஒன்று என 31 விசைகளே தமிழுக்குப் போதும். உயிர்கள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். விரல்கள் ஓய்ந்திருக்கும் நடுவரிசையில் அ, இ, உ, எ ஆகிய குறில்கள் அமைந்துள்ளன. அவற்றிற்கு நேர்மேலே ஆ, ஈ, ஊ, ஏ ஆகிய நெடில்கள். ஒகர ஓகாரம் மட்டும் இடமின்மையால் கீழ்வரிசையில் அருகருகே நிற்கின்றன. நடுவரிசையின் வலப்பக்கம் க, ப, ம, த, ந, ய ஆகிய மிகுதியாக வழங்கும் எழுத்துகள். குறிலைக் கண்டால் நெடிலின் இடமும் தெரிந்துவிடுவதால் நினைவுச்சுமை குறைகிறது.

இதனினும் நுட்பமானது புள்ளி இடும் முறை. ககரத்தின்பின் ஒகரத்தைத் தட்டினால் ‘கொ’ தோன்றும். கொம்பும் காலும் பொறியின் பொறுப்பு. ஒரே மெய்வரிசை எழுத்தை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கே தட்டுகள். மெல்லெழுத்தை அடுத்து அதன் இனமான வல்லெழுத்து வந்தாலும் அவ்வாறே: ப, ந, த, உ என்று தட்டினால் ‘பந்து’. ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்னும் ஆறு இணைகளும் நன்னூல் இனவெழுத்து எனக் கூறும் உறவின்மீது அமைந்தவை. ‘மமதை’ போன்ற சொல்லில் இரு மகரங்களும் அகரம் ஏறியவை என்பதை உணர்த்த இடையில் அகர விசையைத் தட்ட வேண்டும். விதிவிலக்கும் கூட இலக்கணத்தையே நினைவூட்டுகிறது: ம் + அ = ம.

மூன்றாம் வகுப்பில் உயிர், மெய், உயிர்மெய் கற்பிக்கும் ஆசிரியருக்கு இப்பலகையில் புதிதாகக் கற்க வேண்டியது இருப்பிடம் மட்டுமே. கொள்கை முன்னரே அவர் கையில் இருக்கிறது. அவரிடம் கற்ற மாணவனுக்கும் அவ்வாறே. ஆங்கில எழுத்துகளைக் கொண்டு ‘ஏ-எம்-எம்-ஏ-ஏ’ என்று தட்டி அம்மாவை வரவழைக்கும் ஒலிபெயர்ப்பு முறை ஆங்கிலம் அறிந்தவர்க்கு எளிது. புலம்பெயர்ந்தோர்க்கு அதுவே பாலமாயிற்று என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. ஆட்டையாம்பட்டித் தறிவீட்டுப் பிள்ளைக்கோ, தன் தாய்மொழியில் ஒரு சொல் எழுத வேற்றுமொழி எழுத்தை முதலில் வேண்டிநிற்கும் முறை அது. லகர, ளகர, ழகரங்களுக்கும் னகர, ணகர, நகரங்களுக்கும் எந்த ஆங்கில எழுத்து என்பதை அவன் தனியே மனப்பாடம் செய்தாக வேண்டும்.

குறையே இல்லாத பலகை அன்று இது. மெய்களெல்லாம் வலக்கைப் பக்கம் குவிந்தமையால் அக்கைக்குச் சுமை மிகுதி. பல்லாண்டு தட்டச்சில் பழகிய விரல்கள் இதில் தொடக்கத்தில் தடுமாறும். ஆனால் ஆசிரியர்கள் அவ்வாறு பழகிய விரல்களைக் கொண்டவர்கள் அல்லர். பழக்கத்தை மறக்க வேண்டிய இடர் இல்லாத, எழுத்திலக்கணத்தை அன்றாடம் கையாளும், இலட்சக்கணக்கில் பரந்த ஒரு சமூகம் இப்பலகைக்காகவே காத்திருந்தது போல இருந்தது.

பயிற்சிக்கு வெளியே நின்ற பலகை

அச்சமூகத்தை நோக்கிப் பலகை செல்லவில்லை. காரணங்கள் பலவாயினும் முதன்மையானது சான்றிதழ். 1999க்குப் பின்னும் அரசுத் தட்டச்சுத் தேர்வுகள் தட்டச்சுப் பொறியையே சார்ந்து நடந்தன; தட்டச்சர் பணி அத்தேர்வைக் கோரியது. பயிலகங்கள் எதற்குச் சான்றிதழ் உண்டோ அதனைப் பயிற்றுவித்தன; டி.டி.பி. நிலையங்கள் பயிலகத்தில் பயின்றோரை அமர்த்தின. அரசு ஒரு கையால் தரப்படுத்திய பலகையை மறுகையின் தேர்வுமுறை வெளியே நிறுத்தியது. எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று இது; இரு துறைகள் தம்முள் பேசிக்கொள்ளாததன் விளைவு. ஆயினும் விளைவு விளைவே.

இரண்டாவது, பள்ளிக்குள் கணினி நுழைந்த விதம். நடுவண் அரசு 1984–85இல் நாடு முழுவதும் 250 பள்ளிகளில் தொடங்கிய கணினி எழுத்தறிவுத் திட்டத்தில் பிரித்தானியாவின் பி.பி.சி. மைக்ரோ கணினிகள் வழங்கப்பட்டன. திரையும் கட்டளையும் ஆங்கிலம். கணினி என்றால் ஆங்கிலம், கணினி என்றால் தனிப் பாடம் என்னும் எண்ணம் அப்போதே நிலைபெற்றது. தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் கணினி அறிவியல் பாடம் பரவியபோது அதற்கெனத் தனிப் பயிற்றுநர் வந்தனர். கணினி அறைக்குப் பூட்டும் வந்தது. தமிழாசிரியரும் வரலாற்றாசிரியரும் அவ்வறைக்குள் செல்ல வேண்டிய தேவை எழவில்லை. 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டமோ மேல்நிலை மாணவர்க்கானது. ஆசிரியர் வரிசை எண்ணைப் பதிவேட்டில் குறித்து, ஒப்பம் பெற்று வழங்கினார். மாணவன் வீட்டில் கணினி இருந்தது, ஆசிரியர் வீட்டில் இல்லை என்னும் நிலை பல ஊர்களில் சில ஆண்டுகள் நீடித்தது. ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கணினி தந்த அத்திட்டத்தின் அருமை இதனால் குறையவில்லை. பயன்பாட்டின் நடுவில் ஆசிரியரை வைக்கும் எண்ணம் மட்டும் அதில் இல்லை.

மூன்றாவது, குறியீட்டுக் குழப்பம். தமிழ் 1991இலேயே ஒருங்குறியின் முதற்பதிப்பில் இடம்பெற்றது. விண்டோஸ் 2000 முதல் கணினியில் ஒருங்குறித் தமிழ் இயல்பாகவே தெரிந்தது. எனினும் 1999இல் தமிழ்நாடு தரப்படுத்தியவை டாம், டாப் என்னும் எட்டுத்துணுக்குக் குறியீடுகள். ஒருங்குறியை அரசு முறையாக ஏற்றது 2010 சூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டியே. இடைப்பட்ட பத்தாண்டுகளில் புதிதாகக் கணினி கற்ற ஆசிரியர், முதலில் எழுத்துருவைத் தேட வேண்டும், பின் அதற்குரிய விசைப்பலகையைத் தேட வேண்டும், பின் அனுப்புநரிடமும் பெறுநரிடமும் அவை உள்ளனவா என அறிய வேண்டும். அவ்வளவு பொறுமை அன்றாடப் பணிச்சுமையில் எவர்க்கும் இருப்பதில்லை. இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்கள் இணையத்தில் எழுதியோரிடம் தமிழ்99ஐக் கொண்டுசேர்த்தன. தமிழ் இணையக் கல்விக்கழகம் அமைத்த கணித்தமிழ்ப் பேரவைகள் கல்லூரிகளை எட்டின. தொடக்கப்பள்ளி இவ்விரு வட்டத்திற்கும் வெளியே இருந்தது.

உத்தமசோழபுரத்திலிருந்து கைப்பேசிக்கு

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டித் தோன்றியவை மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள். சேலத்திற்குரியது திருமணிமுத்தாற்றங்கரை உத்தமசோழபுரத்தில் உள்ளது. ஆட்டையாம்பட்டிப் பகுதி ஆசிரியர்க்கு அது தொலைவில்லை. இத்தகைய நிறுவனங்களின் வழியே ஆசிரியர்க்குத் தொழில்நுட்பப் பயிற்சி வந்த போதெல்லாம் அது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட திட்டத்தின் பகுதியாகவே வந்தது. அவற்றுள் மாறுபட்ட ஒன்று, 2017இல் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் தமிழ் விக்கிப்பீடியர்களின் துணையோடு ஆசிரியர்க்கு அளித்த கட்டுரையாக்கப் பயிற்சி. தமிழ் விக்கிப்பீடியா ஓர் இலட்சம் கட்டுரைகளை எட்டியதும் அவ்வாண்டு மே மாதமே. ஆசிரியரை நிரப்புநராகக் கருதாமல் எழுதுநராகக் கருதிய பயிற்சி அது. கட்டுரை எழுத வேண்டுமாயின் தமிழில் தட்டியாக வேண்டும். ஆகவே விசைப்பலகை அங்கு ஒரு பாடமாக அன்றித் தேவையாக எழுந்தது. பயிற்சி முடிந்தபின் தொடர்ந்து எழுதியோர் எத்துணையர் என்பதைக் கொண்டு மட்டும் அதனை மதிப்பிடுவது முறையன்று.

மறுபுறம், 2018இல் வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சாயின. கைப்பேசியால் அவற்றை வருடினால் காணொலி திறக்கும். 1978இன் எழுத்துச் சீர்திருத்தம் போலவே இதுவும் பாடநூலின் வழியாக வந்தது. ஆகவே ஆசிரியர் அதனை அந்நியமாகக் காணவில்லை. ஏறத்தாழ அதே காலத்தில் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை, அதாவது ஆசிரியர் வழக்கில் ‘எமிஸ்’, வருகைப்பதிவு முதல் நலத்திட்டப் பொருள் வழங்கல் வரை அனைத்தையும் கைப்பேசிக்குள் கொண்டுவந்தது. அப்பணியிலிருந்து விடுவிக்குமாறு ஆசிரியர் இயக்கங்கள் மீண்டும் மீண்டும் கோரின. இரண்டும் ஒரே கைப்பேசி, ஒரே ஆசிரியர். குறியீட்டை வருடியபோது அவர் பாடம் நடத்தினார். எமிஸைத் திறந்தபோது மேலிடத்திற்குக் கணக்களித்தார். சாட்டர்டனின் ஆலையில் நெசவாளர் உணர்ந்த வேறுபாட்டிற்கு இது வெகுதொலைவில் இல்லை.

வினாத்தாள் சிக்கலுக்கு வருவோமாயின், அதனைத் தீர்த்தது கணினியன்று, கைப்பேசியே. 2005இல் சிங்கப்பூரில் வெளியான செல்லினம் கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்திக்கு வழிசெய்தது. பின்வந்த திறன்பேசிகளில் தமிழ் விசைப்பலகை உள்ளமைந்தே வந்தது. 2015இல் கூகுளின் கையெழுத்து உள்ளீடும் 2017 ஆகத்தில் தமிழ்க் குரல் உள்ளீடும் கிடைத்தன. இன்று ஆட்டையாம்பட்டியிலும் அயலூர்களிலும் ஆசிரியர் வினாவைக் கைப்பேசியிடம் வாய்விட்டுச் சொல்கிறார், எழுத்து திரையில் விழுகிறது, புலனக்குழுவில் பகிர்கிறார். டி.டி.பி. நிலையத்திற்கு நடக்க வேண்டியதில்லை. கோப்பும் அவரிடமே இருக்கிறது. முப்பதாண்டுகளுக்கு முன் இழந்த ஆளுகையுள் ஒரு பங்கு திரும்பியிருக்கிறது.

ஒரு பங்கு மட்டுமே. குரலைக் கேட்டு எழுதும் பொறி, வல்லினம் மிகுமிடங்களைப் பெரிதும் கைவிடுகிறது; ழகரத்தைத் தெளிவாக ஒலிக்காதவரின் சொல்லைத் தனக்குப் பழக்கமான வேறு சொல்லாக மாற்றிவிடுகிறது. அச்சொல் பிழையின்றி எழுதப்பட்டிருப்பதால் பிழை கண்ணில் படுவதில்லை. தட்டுபவர் விட்ட பிழையை ஆசிரியர் திருத்தி அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. பொறி விடும் பிழையைத் திருத்த விரும்பும்போது அவர்க்கு மீண்டும் விசைப்பலகை தேவைப்படுகிறது. அப்போது அவர் விரல் செல்வது பெரும்பாலும் ஆங்கில எழுத்துவழி உள்ளீட்டிற்கே. கைப்பேசியின் மொழி அமைப்புக்குள் சென்று தமிழ்99ஐத் தேர்ந்தெடுக்கலாம் என்பதை அவர்க்குச் சொன்னவர் எவருமில்லை.

2018ஆம் ஆண்டின் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் தமிழ்க் கணிமைக்கென ஓர் இயலை ஒதுக்கியது. அது நூலின் இறுதிப் பகுதியில், தேர்வுக்கு அண்மித்த நாள்களில் நடத்தப்படும் இடத்தில் அமைந்தது. அதனைக் கற்பவன் கணினி அறிவியலைத் தேர்ந்த மேல்நிலை மாணவன். கற்பிப்பவர் கணினிப் பயிற்றுநர். உயிரும் மெய்யும் சேரும் முறையை முதன்முதலில் கரும்பலகையில் எழுதிக்காட்டும் தொடக்கப்பள்ளி ஆசிரியரின் பயிற்சி நூல்களில் குறிலின்மேல் நெடில் அமர்ந்த அப்பலகையின் படம் இடம்பெறுவது இன்னும் அரிதாகவே உள்ளது.